லைன் என்றால் வீடு

குருவிட்ட நகரைக் கடந்து, இறப்பர் மரங்களும் தேயிலைச் செடிகளும் மாறி மாறித் தோன்றும் மலைப்பாதையிலே சிறிது தூரம் சென்றால், தோட்டத்துப் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப் பாடசாலை ஒன்றைக் காணலாம். பேச்சுப் போட்டியொன்றுக்கு நடுவராக அங்கு நாம் ஒருமுறை சென்றிருந்தோம். போட்டி தொடங்கச் சற்று நேரம் இருந்தமையால், ஆறாந் தரத்து ஆங்கில வகுப்பொன்றின் பின்வாங்கிலே அமர்ந்திருக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

ஆசிரியை ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் பொருள் யாதெனக் கேட்டார். “கோடு” என்று பலர் ஒரே குரலிற் கூறினர். “வரி” என்றான் ஒரு மாணவன். “வரிசை” என்றாள் மற்றொருத்தி. மூன்றாம் வாங்கிலிருந்த சிறுமி ஒருத்தி மெல்ல எழுந்து, “வீடு, டீச்சர்” என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிறுமி தலைகுனிந்து அமர்ந்துகொண்டாள்.

ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. நம்மைத் திரும்பிப் பார்த்து, “ஐயா, பிள்ளை சொன்னது சரியா, பிழையா? நீங்களே சொல்லுங்கள்” என்றார். “சரியே” என்று நாம் கூறினோம். ஏன் சரி என்பதை விளக்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட விளக்கத்தையே இன்று எழுத முற்படுகின்றோம்.

ஒன்றை இங்கு கூறாமல் விடுதல் தகாது. சிரித்த பிள்ளைகளுள்ளும் பெரும்பாலோர் அச்சிறுமியைப் போலவே லயத்திலிருந்து வந்தவர்கள். வீட்டிலே நாள்தோறும் வழங்கும் சொல், வகுப்பறையிலே சொன்னால் நகைப்புக்குரியது என்று அவர்கள் எப்படியோ கற்றிருந்தார்கள். அந்தப் பாடத்தை மறக்கச் செய்வதற்காகவாவது இச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

மூன்று துணைகள்

ஒரு சொல் பல பொருளைத் தருதல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று. ‘மா’ என்னும் ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது மரத்தைக் குறிக்கும், விலங்கைக் குறிக்கும், நில அளவையையும் குறிக்கும். இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தருவதற்கென்றே திவாகர நிகண்டு தனியாக ஒரு தொகுதியை வகுத்துள்ளது. தொல்காப்பியரோ இவற்றின் பொருளைத் தெளிவதற்கு வினை, இனம், சார்பு என மூன்று துணைகளைக் காட்டிச் சென்றார். ‘மா பூத்தது’ என்றால் பூத்தலாகிய வினையினால் அது மரம் என்பது பெறப்படும். ‘மாவும் பலாவும்’ என்றால் உடன் வந்த இனம் பொருளைத் தெளிவிக்கும். இவ்விரண்டும் உதவாதபோது, சொல்லுகின்றவர் யார், எவ்விடத்தில், எதைப் பற்றிச் சொல்லுகின்றார் என்னும் சார்பே துணையாகும்.

இம்மூன்று துணைகளையும் கைக்கொண்டு ‘லைன்’ என்னும் சொல்லைப் பின்தொடர்ந்தால், அது மனிதன் தொழில் செய்யும் துறைகளிலெல்லாம் நுழைந்து, துறைக்கொரு வடிவம் எடுத்திருப்பதைக் காணலாம்.

நூலிலிருந்து பிறந்த சொல்

இச்சொல்லின் பிறப்பிடம் ஒரு செடி. நீல மலர் பூக்கும் ஆளிச் செடியை இலத்தீன் மொழியில் ‘லீனும்’ என்றனர். அதன் நாரினால் திரிக்கப்பட்ட நூல் ‘லீனியா’ எனப்பட்டது. அந்த நாரினால் நெய்த துணியே இன்றும் நாம் ‘லினன்’ என்று வழங்குவது. அச்செடியின் விதையிலிருந்து எடுத்த எண்ணெயே ஓவியரும் தச்சரும் பயன்படுத்தும் ‘லின்சீட்’ எண்ணெய். சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைக்கும் துணியைத் தையற்காரர் ‘லைனிங்’ என்பர். முற்காலத்தில் அதற்கு இத்துணியைப் பயன்படுத்தியதே அப்பெயருக்குக் காரணம். ஆகவே, ‘லைன்’ என்பதன் மூலப்பொருள் கோடு அன்று, நூல்.

நூல் எப்படிக் கோடாயிற்று? கொத்தனாரைக் கேட்டால் உடனே விடை கிடைக்கும். இரண்டு முளைகளுக்கு இடையே நூலை இழுத்துக் கட்டினால் நேர்கோடு பிறக்கின்றது. தச்சர் சாயம் தோய்த்த நூலைப் பலகையின்மேல் இழுத்துச் சுண்டினால், நூல் போய்விடும், கோடு நிற்கும். மேல்நாட்டிலும் கீழ்நாட்டிலும் கைவினைஞர் செய்த தொழில் ஒன்றே.

தமிழ்மொழி இதே நூலை மற்றொரு திசையில் இழுத்துச் சென்றது. இழையை நூல் என்ற நாம், கற்றோர் இயற்றும் ஏட்டையும் நூல் என்றே அழைத்தோம். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பது போல, மனிதர் மனத்தின் கோணலைக் கல்வி நூல் தீர்க்கும் என்று நன்னூலார் உவமை கூறினார். ஒரே இழையிலிருந்து ஆங்கிலேயர் கோட்டைப் பெற்றனர். நாம் புத்தகத்தைப் பெற்றோம் எனலாம்.

தோட்டத்திலும் இந்த நூல் உண்டு. காடு வெட்டிய நிலத்திலோ, பழைய மரம் வீழ்த்திய நிலத்திலோ புதுக்கன்று நடுமுன், கயிறு பிடித்து அளந்து, குழி வெட்டவேண்டிய இடந்தோறும் முளையடிப்பர். துரைமாரின் ஆங்கிலத்தில் இவ்வேலைக்குப் பெயர் ‘லைனிங்’. தையற்காரரின் லைனிங் வேறு. தோட்டத்து லைனிங் வேறு. இரண்டுக்கும் தாய் அந்த ஆளி நூலே.

அகலமில்லா நீளம்

தச்சரின் கோட்டுக்குச் சிறிதளவேனும் தடிப்பு உண்டு. கேத்திரகணித ஆசிரியரின் கோட்டுக்கு அதுவும் இல்லை. கிறித்துவுக்கு முன் 300 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த யூக்கிளிட் என்னும் கிரேக்க அறிஞர், நீளம் உண்டு, அகலம் இல்லை என்பதையே கோட்டின் இலக்கணமாக வகுத்தார். பென்சிலை எவ்வளவு கூர்மையாகச் சீவினும் அத்தகைய கோட்டை நாம் வரைய முடியாது. தாளில் வரைவது அதன் அடையாளம் மட்டுமே. உண்மைக் கோடு அறிவினாற் காணத்தக்கது.

பூமிசாத்திரம் இக்கோட்டை உலகத்தின்மேற் போர்த்தியது. மாலுமிகள் வழக்கில் ‘லைன்’ என்று சொன்னாலே அது மத்திய கோட்டைக் குறிக்கும். முதன்முறை அதைக் கடப்பவரைக் கேலி செய்து நீராட்டும் சடங்கு கப்பல்களில் நெடுங்காலமாக உண்டு. குருவிட்ட அக்கோட்டுக்கு வடக்கே ஆறாவது, ஏழாவது பாகை அகலக்கோடுகளுக்கு இடையில் அமைந்துள்ளது. சித்திரை மாதத்து உச்சிவேளையில் நமது நிழல் காலடியில் ஒடுங்குவதற்கு அதுவே காரணம்.

படத்தில் உள்ள சமவுயரக் கோடு மற்றொரு வகை. ஒரே உயரத்தில் அமைந்த இடங்களையெல்லாம் இணைப்பது அது. மலைச்சரிவில் கன்றுகளை அக்கோட்டின் வழியே நட்டால், மழைநீர் மண்ணை வாரிச் செல்வது தணியும். சிவனொளிபாதமலைச் சாரலில், பெருமழை பொழியும் இப்பகுதியில், அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடே மண்ணைத் தாங்கி நிற்கின்றது. இறப்பர் மரத்தின் பட்டையில் பால்வெட்டுபவர் கத்தியால் இடும் கோடோ, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும். பட்டைக்குள் இருக்கும் பாற்குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், இவ்வாறு வெட்டினால் மிகுந்த குழாய்கள் திறந்து பால் பெருகும். யூக்கிளிட்டைப் படியாத கை, நாள்தோறும் விடியற்காலையிலே கேத்திரகணிதம் செய்கின்றது.

ஒளியிலும் ஒரு கோடு

இரத்தினபுரி மாவட்டத்தவர்க்கு மாணிக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. குழி தோண்டி, இல்லம் என்னும் சரளைப் படையை எடுத்துக் கழுவி அரித்து, கல் தேடுவோரைக் குருவிட்டப் பகுதியிலும் காணலாம். அவர்கள் போற்றும் வைடூரியத்தின் விலை ஒரு கோட்டிலே தங்கியுள்ளது. குவிந்த வடிவிலே தீட்டிய அக்கல்லை விளக்கொளியிற் பிடித்துத் திருப்பினால், பூனைக் கண்ணின் பாவைபோல ஒளிக்கோடு ஒன்று அதன் நடுவே ஓடும். கல்லினுள் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்பட்ட மிக நுண்ணிய ஊசி போன்ற இழைகள் ஒளியைத் திருப்புவதாலேயே அக்கோடு தோன்றுகின்றது. மீண்டும் நூலே வந்துவிட்டதன்றோ?

இனி, ஒளியையே பிரித்துப் பார்த்தவர்கள் கண்ட கோடுகளும் உண்டு. ஞாயிற்றின் ஒளியை அரியத்தின் வழியே விரித்தால் ஏழு நிறம் தோன்றும். அந்நிறமாலையில் மெல்லிய கோடுகள் பல உள்ளன. ஒவ்வொரு மூலகத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு. அவை மனிதரின் விரலடையாளம் போன்றவை. 1868 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தென்னிந்தியாவிலுள்ள குண்டூரிலிருந்து ஆராய்ந்தவர்களுள் ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் ஒருவர். அவ்வாண்டிலேயே சூரியனின் நிறமாலையில், அறியப்பட்ட எப்பொருளுக்கும் பொருந்தாத மஞ்சட் கோடு ஒன்று இருப்பது தெளிவாயிற்று. அது புதியதொரு மூலகம் என்று ஆங்கில அறிஞர் லொக்கியர் கருதினார். பூமியில் அப்பொருளை ராம்சே என்பவர் கண்டெடுத்தது 1895 இல். ஈலியம் என்று நாம் இன்று வழங்கும் வாயு அதுவே. ஒரு கோட்டை ஒழுங்காகப் படித்ததனால், ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள பொருளை மனிதன் முதலில் அறிந்து, பின்னரே தன் காலடியில் கண்டான்.

நிற்க. உயிர்நூல் பயிலும் மாணவர்க்கும் ஒரு கோடு உண்டு. குரு கங்கையிற் பிடித்த மீனை உற்றுப் பார்த்தால், அதன் விலாப்புறத்தில் செவுளிலிருந்து வால்வரை மெல்லிய கோடு செல்வதைக் காணலாம். நீரின் அசைவை மீன் உணர்வது அதனாலேயே. அக்கோடு மீனுக்குப் புலன்.

மறைந்துபோன பாதை

குருவிட்டவிலுள்ள முதியவர்களிடம் ‘லைன்’ என்றால் அவர்கள் நினைவுக்கு வருவது களனிவெளிப் புகையிரதப் பாதை. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக வந்த அப்பாதை 1912 ஆம் ஆண்டில் இரத்தினபுரிவரை நீட்டப்பட்டது. பின்னர் ஓப்பநாயக்கவரை சென்றது. குருவிட்டவிலும் நிலையம் இருந்தது. நமது நாட்டின் ஏனைய பாதைகளில் தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம் அகலம் என்றால், இதில் 2 அடி 6 அங்குலமே. மலையடிவாரத்திலே வளைந்து வளைந்து ஊர்ந்த அச்சிறு வண்டி, இப்பகுதித் தோட்டங்களின் இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்குக் கொண்டு சென்றது.

1976 ஆம் ஆண்டில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி மூடப்பட்டது. கொழும்புக்கும் அவிசாவளைக்கும் இடைப்பட்ட பகுதி 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டு இன்றும் வழங்குகின்றது. ஆனால் குருவிட்டவுக்கு வண்டி திரும்பவில்லை. ஆகவே, பிள்ளைகளுக்குப் புகையிரத லைன் என்பது பெரியோர் வாய்க்கதை மட்டுமே. ஒரு சொல்லின் பொருள், அது குறிக்கும் பொருளோடு சேர்ந்து மறையக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

அச்சுக்கூடமும் தொழிற்சாலையும்

நமது பத்திரிகைத் தொழிலில் ‘லைன்’ என்றால் வரி. 1886 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரப் பத்திரிகை ஒன்றிலே முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட ‘லைனோடைப்’ இயந்திரம், எழுத்துக்களைத் தனித்தனியே கோப்பதை ஒழித்து, முழு வரியையும் ஒரே ஈய வார்ப்பாகத் தந்தமையால் அப்பெயர் பெற்றது. பத்திரிகையாளர் அஞ்சும் ‘டெட்லைன்’ என்னும் சொல்லுக்கோ கொடிய வரலாறு உண்டு. கட்டுரை வந்து சேரவேண்டிய இறுதி நேரத்தை இன்று அது குறிக்கின்றது. ஆனால் 1864 இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அண்டர்சன்வில் என்னுமிடத்துச் சிறை முகாமில் மதிலுக்கு உட்புறமாக ஓர் எல்லைக் கோடு இட்டிருந்தனர். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுட்டு வீழ்த்துவர். அந்தச் சாவுக் கோடே பின்னர் அச்சுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

1913 ஆம் ஆண்டில் ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலையில், தொழிலாளர் நின்ற இடத்தில் நிற்க, வண்டி அவர்கள்முன் நகர்ந்து சென்றது. அந்த ஒழுங்குக்கும் ‘லைன்’ என்றே பெயர். கடலில் ஒரே வழியிற் செல்லும் கப்பற் கூட்டத்துக்கும், வானூர்திக் கம்பனிக்கும் அதே பெயர். தொலைபேசி பேசுபவர் ‘லைன் கிடைக்கவில்லை’ என்கின்றார். கிரிக்கெட் ஆடுபவர் பந்து வரும் திசையை ‘லைன்’ என்கின்றார். மருத்துவமனைத் தாதியோ நோயாளியின் நரம்பிற் செலுத்திய மெல்லிய குழாயை அவ்வாறே கூறுகின்றார். வினையும் இனமும் சார்பும் தெரிந்தவர் எவரும் இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மயங்குவதில்லை.

படைவீட்டிலிருந்து மலைக்கு

இனி, சிறுமி சொன்ன பொருளுக்கு வருவோம்.

ஆங்கிலேயப் படையினர் தங்கிய கூடாரங்களும் குடிசைகளும் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. அவ்வரிசைகளைப் படைவழக்கில் ‘லைன்ஸ்’ என்றனர். இந்தியாவின் நகரங்கள் பலவற்றில் ‘பொலிஸ் லைன்ஸ்’ என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. டில்லியில் ‘சிவில் லைன்ஸ்’ என்றோர் பகுதியே உள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை மலைகளில் கோப்பி பயிரிட்டவர்களுள் படைத்துறையைச் சேர்ந்தவரும் இருந்தனர். படைத்தலைவராயிருந்து தேசாதிபதியான எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரைக் குடியேற்றியபோது, படைவீட்டின் அமைப்பும் அதன் பெயரும் தோட்டத்துக்கு வந்தன. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் ‘பெரட்டுக்களம்’, ‘பரேட்’ என்னும் படைச்சொல்லின் திரிபு என்பர். கோப்பி அழிந்து தேயிலையும் இறப்பரும் வந்தபோதும் லைன் மாறவில்லை.

நம் மக்கள் நாவில் அது ‘லயன்’ ஆகிப் பின் ‘லயம்’ ஆயிற்று. இசைவாணர்க்கு லயம் என்றால் தாளத்தின் கால ஒழுங்கு. தோட்டத்தவர்க்கோ ஒரே கூரையின்கீழ்ச் சுவரோடு சுவராக ஒட்டிய அறைகளின் தொடர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பரவலாக அறியப்பட்ட அந்த அறைக்குப் பெயர் ‘காம்பரா’. அது போர்த்துக்கேயச் சொல். அதன் முன்னுள்ள சிறு திண்ணைக்குப் பெயர் ‘இஸ்தோப்பு’. அது ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரின் மொழிகளும் ஒரு தொழிலாளியின் அடுப்படிக்குச் சில அடி தூரத்தில் ஒன்று கூடியிருக்கின்றன.

இதிற் கருதத்தக்க மற்றொன்று உண்டு. தேயிலை மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்கள், செடிகளின் வரிசையை ‘லைன்’ என்று சொல்வதில்லை. ‘நிரை’ என்றே சொல்லுகின்றனர். ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தல் அவர்கள் வழக்கு. அது பழந்தமிழ்ச் சொல். பசுக்கூட்டத்தைச் சங்கத்தார் ஆநிரை என்றனர். யாப்பிலக்கணத்தில் நேரசையும் நிரையசையும் உண்டு. உயர்வகுப்பு மாணவர் பயிலும் கணிதத்தில் எண்களின் கிடைவரிசை நிரை எனவும், நிலைக்குத்து வரிசை நிரல் எனவும் வழங்கும். ஆகவே, தன் உழைப்பின் வரிசைக்குத் தமிழ்ப் பெயரும், தன் வீட்டின் வரிசைக்கு ஆங்கிலப் பெயரும் வைத்து வாழ்கின்றது இச்சமூகம். முதலாவதைத் தாமே அமைத்துக்கொண்டனர். இரண்டாவது அவர்களுக்காகப் பிறரால் அமைக்கப்பட்டது. மொழியே இதற்குச் சாட்சி.

கண்ணுக்குத் தெரியாக் கோடுகள்

லயத்தில் வாழ்வோரைச் சூழ வேறு கோடுகளும் இழுக்கப்பட்டன. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். குடியுரிமையற்றிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் எழுதப்பட்டது. அந்தக் கோடு நிலப்படத்தில் விழவில்லை. குடும்பங்களுக்கு நடுவே விழுந்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். எஞ்சியோர் யாவர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

பொருளியலார் இழுக்கும் கோடு மற்றொன்று. ஒருவன் உயிர்வாழ்வதற்கு இன்றியமையாத செலவை அளந்து, அதற்குக் கீழ்ப்பட்டோரை வறியர் எனக் கணிப்பது வறுமைக் கோடு. 1901 இல் இங்கிலாந்தின் யோர்க் நகரத்தைப் பற்றி ரௌன்றி எழுதிய நூல் இத்துறையில் முன்னோடியானது. நமது நாட்டில் 2019 இல் நடத்தப்பட்ட அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, மாதமொன்றுக்கு ஆளொருவர்க்கு 6,966 ரூபா அக்கோடாக இருந்தது. நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் அதற்குக் கீழே இருந்தனர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 33.8 பேர், அதாவது, மூவரில் ஒருவர். லயத்திற் பிறந்த பிள்ளைக்கு இவ்விரண்டு லைன்களும் அருகருகே உள்ளன.

மற்றொரு கோடு தபாற்காரருடையது. பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வீடு சேர வேண்டும். வேலைக்கான நேர்முகக் கடிதமோ, பல்கலைக்கழக அனுமதிக் கடிதமோ காலந்தாழ்த்திச் சேருமானால், அந்த இழப்பை எந்த அகராதியாலும் ஈடு செய்ய முடியாது. ஒரு காம்பராவிற் பற்றிய தீ, பொதுக்கூரையின் வழியே ஓடி முழு லயத்தையும் எரித்த செய்திகளையும் பத்திரிகைகளில் நாம் பலமுறை படித்திருக்கின்றோம். நேர்கோட்டிலே வீடு கட்டினால், துன்பமும் நேர்கோட்டிலேயே ஓடுகின்றது.

2020 ஆம் ஆண்டில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ‘ஒன்லைன்’ என்னும் சொல் வீடுதோறும் புகுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் சைகை கிடைக்கும் மேட்டைத் தேடி மலையேறினர். லைனிலே குடியிருந்தும் ஒன்லைனுக்கு வர வழியற்றிருந்த நிலையை என்னவென்று சொல்வது!

சிறுமிக்கு நமது விடை

குழந்தாய், நீ சொன்ன விடை சரியே. ‘கோடு’ என்றவர்கள் கேத்திரகணிதத்தின் சார்பிலிருந்து சொன்னார்கள். ‘வரி’ என்றவன் புத்தகத்தின் சார்பிலிருந்து சொன்னான். நீ உன் வாழ்வின் சார்பிலிருந்து சொன்னாய். பொருளைத் தெளிவதற்குத் தொல்காப்பியர் காட்டிய மூன்றாந் துணையை அறியாமலே நீ கைக்கொண்டிருந்தாய். வீட்டிலிருந்து கொண்டுவந்த சொல்லுக்காக எந்த வகுப்பறையிலும் தலைகுனிய வேண்டுவதில்லை. பரீட்சைத் தாளிலே கோடு, வரி, வரிசை என்பவற்றையும் மறவாமல் எழுது. அவற்றோடு, மாணிக்கத்தினுள்ளும் சூரியனிலும் மீனின் விலாவிலும் உள்ள கோடுகளையும் அறிந்துகொள். ஒரு பொருளோடு நின்றுவிடுவதே பேதைமை. ஒரு பொருளை அறிந்திருப்பது பேதைமையன்று.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பிழையென்று தோன்றும் விடையைச் சொல்லும்போது, ‘இதை எங்கே கேட்டாய்?’ என்று ஒருமுறை வினவுங்கள். சிரிப்பு ஒரு சொல்லை அடைத்துவிடும். வினா பல சொற்களைத் திறந்துவிடும். மனத்தின் கோணலைத் தீர்ப்பதே நூலின் மாண்பென்றால், அந்த நூலை முதலிற் பிடிக்க வேண்டிய கைகள் உங்களுடையவை.

மலையகத்திலே இப்பொழுது ஆங்காங்கே 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடுகள் எழுந்து வருகின்றன. 10,000 வீடுகள் கட்டித்தருவதாக இந்தியப் பிரதமர் 2017 ஆம் ஆண்டில் நோர்வூட்டில் அறிவித்ததையும் வாசகர் அறிவர். தேவையை நோக்க இவை சிறிதே, ஆயினும் தொடக்கம்.

குருவிட்டவின் புகையிரத லைன் போனதற்கு வருந்துவோர் உளர். அது திரும்ப வேண்டும் என்று நாமும் விரும்புகின்றோம். ஆனால் மறைந்தால் எவரும் வருந்தாத லைன் ஒன்று அம்மலைகளில் இன்னும் நிற்கின்றது. அகராதி செய்வோர் வழக்கிலில்லாத பொருளுக்கு அருகே ‘வழக்கிறந்தது’ என்று குறிப்பெழுதுவர். அச்சிறுமியின் பேரப்பிள்ளை ஒருநாள் அகராதியைப் புரட்டி, ‘லைன்: தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசை, வழக்கிறந்தது’ என்று படித்து, “பாட்டி, இதன் பொருள் என்ன?” என்று கேட்க வேண்டும். தனி முற்றமும் தனி முகவரியும் உள்ள வீட்டின் வாசலில் அமர்ந்து, பாட்டி அதை விளக்கிச் சொல்ல வேண்டும்.